யாரும் சொல்லாத பொய்

கார் வாங்கியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது?" மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது, காலன் போய் லிட்டர் வந்தது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. 'கொடுக்கிறது' என்கிற வினையையும் கொஞ்சம் கவனியுங்கள். பசு பால் கொடுப்பதைப்போலக் கார் மைல் கொடுக்கிறதாம். கறக்கிறவனுடைய கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேகத்துக்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியும் உலகம் முழுவதும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கோடீஸ்வரர்கள் வாங்கும் பெராரியை விட்டுவிடுவோம், அவர்கள் கேட்பதில்லை. நான் சொல்வது, சம்பளத்தில் தவணை கட்டுகிற ஒருவன், அலுவலகம் போய்வரவும் உதவவேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரத்தத்தைக் கொஞ்சம் சூடேற்றவும் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குகிற வண்டியை. அவனுக்குக் குதிரையின் பாய்ச்சலும் வேண்டும். ஆட்டுக்குட்டியின் தீனியும் வேண்டும். இரண்டும் கிடைக்கும் என்று விற்பனைக் கூடத்தில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஓர் எண் அவனுக்குச் சொல்கிறது. நம்பி வாங்குகிறான். ஆறு மாதம் ஓட்டிய பிறகு அந்த எண் வரவேயில்லை என்று குமுறுகிறான்.

அப்படியானால் பொய் சொன்னது யார்?

முதலில் வண்டியின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. பெட்ரோலில் உள்ள சக்தியில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த எடைக்கு அந்த வேகத்தை ஊட்ட மட்டும் சுமார் 70 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகும். நம் வீட்டுக் காப்பி டம்ளரில் அரை டம்ளர். அடுத்த விளக்கில் பிரேக்கை மிதித்தால் அந்த அரை டம்ளரும் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். பச்சை விழுந்ததும் மறுபடி ஓர் அரை டம்ளர். சாலை காலியாக இருக்கிறதென்று 80-லிருந்து 120-க்குப் போனால், காற்றைப் பிளப்பதற்காகக் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் செலவாகும் சக்தி இரண்டேகால் மடங்காகிறது. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. காலால் கேட்டதைக் கார் கொடுக்கிறது. கொடுத்ததற்கு விலை வாங்கிக்கொள்கிறது. பொய் சொல்லத் தெரியாத ஒரே கட்சிக்காரர் இந்த வழக்கில் அதுதான்.

மற்றக் கட்சிக்காரர்களைப் பார்ப்பதற்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டும். நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றுள் இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்கவில்லை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா பெட்ரோல் பங்குகளில் வரிசையில் நின்றது. அதன் விளைவாக வந்த சட்டங்களில் ஒன்று, 1978-ல் நிறைவேறிய ஒரு வரி. அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குத் தண்டம் போல விதிக்கப்பட்டது. 1980-ம் வருஷ மாடல்களிலிருந்து அமலுக்கு வந்தது. படிப்படியாக உயர்ந்து, பின்னால் காலனுக்கு 22½ மைலுக்குக் கீழே போகும் காருக்கெல்லாம் அந்த வரி என்று ஆயிற்று. அமெரிக்கக் காலன் சிறியது. நம் கணக்கில் லிட்டருக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர். குறையக் குறைய வரி ஏறும். ஆயிரம் டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரையில் போகும். லாரி போன்ற சரக்கு வண்டிகளுக்கும், அந்தச் சட்டம் பிறந்த நாளில் குடும்பத்தினர் அதிகம் வாங்காத பெரிய ஜீப் வகைகளுக்கும் விலக்கு உண்டு. பிறகு குடும்பங்கள் அந்தப் பெரிய வண்டிகளையே வாங்க ஆரம்பித்தார்கள்; விலக்கு அப்படியே இருந்துவிட்டது. சட்டத்துக்கு இருக்கும் ஞாபக சக்தி அலாதியானது: பிறந்த நாளை மறப்பதே இல்லை.

அமெரிக்கர்களின் ஆசைக் கார் செவர்லே கார்வெட். 1989-ம் வருஷ மாடலில் அதற்கு ஆறு கியர் உள்ள புதிய கியர்ப்பெட்டி வந்தது. அதோடு ஒரு சிறு ஏற்பாடும் வந்தது. ஓட்டுகிறவர் முதல் கியரில் மெதுவாகக் காரை நகர்த்தி, வேகம் மணிக்குச் சுமார் 15, 20 மைல் இருக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்தபடி இரண்டாவது கியருக்குத் தடியை இழுக்கிறார். உள்ளே ஒரு பூட்டு குறுக்கே வந்து விழுகிறது. தடி இரண்டாவதற்குப் போகாது, மூன்றாவதற்கும் போகாது, நேரே நாலாவது கியருக்குத்தான் போகும். நாலாவதில் எஞ்சின் மந்தமாகச் சுற்றும். பெட்ரோல் குறைவாக ஆகும். அரசாங்கப் பரீட்சையில் காரை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டும்போது எப்போதும் லேசான மிதியாகவே இருக்குமாதலால், அங்கே ஒன்றிலிருந்து நாலுக்குத் தாவித் தாவி ஓடி அந்தக் கார் நல்ல எண்ணை வாங்கிக்கொள்ளும். வரிக்குள் விழாமல் தப்பிக்க அது கைகொடுத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு? அழுத்தி மிதித்தால் அந்தப் பூட்டு விழாது. அதாவது, சிக்கனமாக ஓட்டுகிறவனைத்தான் அது பிடிக்கும். ஊதாரியாக ஓட்டுகிறவனைச் சலாம் போட்டு அனுப்பிவிடும். இரண்டாவது கியர் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கொட்டு என்று அது சொல்லாமல் சொல்லிற்று. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக வைத்த கருவியிடமிருந்து தப்புவதற்காகப் பெட்ரோலை எரித்தவர்கள் எத்தனை பேரோ! அந்தத் தொல்லையும் வேண்டாமென்று நினைத்தவர்களுக்காகக் கடைகளில் ஒரு சின்னப் பிளக் விற்றது. சொற்ப விலை. காரின் அடியில் செருகிவிட்டால் பூட்டு ஊமையாகிவிடும். கார்வெட்டில் கைக் கியர் இருந்த 2019 வரையில், முப்பது வருஷம், இந்த நாடகம் நடந்தது: கம்பெனி பூட்டை வைத்தது, வாங்கினவர்கள் பிளக்கைச் செருகினார்கள், கண்ணாடியில் ஒட்டிய எண் சிரித்துக்கொண்டிருந்தது.

வக்கீல் தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு அபார சந்தோஷம்.

"இதில் பொய் எங்கே ஸ்வாமி இருக்கிறது?" என்றார். "சட்டம் ஒரு பாதை போட்டது, கம்பெனி அந்தப் பாதையில் நடந்து காட்டியது. பரீட்சை செய்தவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். வாங்கினவன் தன் பணத்தைப் போட்டு வாங்கின சாமானில் ஒரு பிளக்கை மாற்றினான். எல்லாரையும் கூண்டில் ஏற்றுங்கள், நான் வாதாடுகிறேன். அத்தனை பேரும் விடுதலை!"

"எரிந்துபோன பெட்ரோல்?" என்றேன்.

"அது சாட்சி சொல்ல வராது" என்றார்.

அவர் சொன்னது தமாஷாக இருந்தாலும் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. பொய் என்றால் அதைச் சொன்ன ஒரு வாய் இருக்கவேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே வாயே இல்லை. ஆனாலும் முடிவில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் சாலையில் வரும் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. ஒருவரும் பொய் சொல்லாமலேயே ஓர் உண்மை காணாமற் போய்விடுகிறது.

அந்தப் பரீட்சை பிறந்த கதையும் சுவையானது. 1960-களின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போவது போலக் கார்களை ஓட்டச் செய்து, வேகத்தை விநாடிக்கு விநாடி குறித்துக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்றை எடுத்துச் சுருக்கி, ஏழரை மைல் நீளமுள்ள பிரயாணமாகச் செதுக்கினார்கள். அன்றைய உருளைகளின்மேல் வேகத்தைச் சட்டென்று கூட்டினால் சக்கரம் வழுக்கும். ஆகவே ஒவ்வொரு விநாடியிலும் வேகம் மணிக்கு 3.3 மைலுக்கு மேல் ஏறாதபடி சரிசெய்தார்கள். அந்தக் கதியில் போனால் மணிக்கு 60 மைலை எட்டப் பதினெட்டு விநாடி ஆகும். ஆறு விநாடிக்குள் எட்டுவதற்காகவே பிறந்த கார்வெட், பரீட்சை மண்டபத்தில் அந்தப் பழைய காலைப் பொழுதின் சாதுவான குமாஸ்தாவாக நடித்துவிட்டு வெளியே வந்தது.

ஐரோப்பாவில் இன்னும் மோசம். அங்கே 2017 வரையில் இருந்த பரீட்சையில், நகரப் பகுதியில் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி கொடுத்தார்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்! இந்தப் பரீட்சைக்கு ஏற்றபடிதான் சின்ன எஞ்சினில் டர்போ பொருத்தும் வழக்கம் அங்கே செழித்தது. மெதுவாக ஓட்டினால் அது சின்ன எஞ்சின், கொஞ்சமாகத்தான் குடிக்கும். மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும்; காற்றுக்குத் தக்க பெட்ரோலும், எஞ்சின் சூட்டைத் தணிக்க அதற்கு மேலும் பெட்ரோலும் உள்ளே போகும். பரீட்சையில் யாரும் மிதிப்பதில்லை. கதவு இடுக்குகளை நாடா ஒட்டி அடைப்பது, டயர்களில் காற்றை அதிகமாக ஏற்றுவது என்று வேறு உபாயங்களும் இருந்ததாகச் சொன்னார்கள். 2001-ல் ஐரோப்பாவில் பரீட்சைக் கணக்கைவிடச் சாலைக் கணக்கு சுமார் 9 சதவீதம்தான் கூடுதலாக இருந்தது. 2015 வாக்கில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பதினைந்து வருஷத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் நான்கு மடங்கு கெட்டுப்போய்விடவில்லை. முக்கியமான கேள்விகளை மட்டும் உருப்போடும் மாணவனைப்போலக் கார்கள் பரீட்சையைப் படித்துக்கொண்டன. 2017-ல் புதிய பரீட்சை வந்த பிறகு நிலைமை ஓரளவு சீர்பட்டது.

அமெரிக்க அரசாங்கத்துக்கும் தன் எண் சரியில்லை என்று வெகு காலமாகவே தெரியும். 1984-ல், இனிமேல் பரீட்சையில் வரும் எண்ணிலிருந்து நகர ஓட்டத்துக்கு 10 சதவீதமும், நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 22 சதவீதமும் கழித்துவிட்டுத்தான் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2008-ம் வருஷ மாடல்களிலிருந்து அதிவேகம், திடீர்ப் பாய்ச்சல், குளிர்சாதனம், கடுங்குளிர் இவற்றுக்கும் தனிப் பரீட்சைகள் சேர்ந்தன. ஆனால் வரிக் கணக்கு மட்டும் கழிக்காத பழைய எண்ணையே வைத்துக்கொண்டது. ஜனங்களுக்கு ஓர் எண், கஜானாவுக்கு ஓர் எண். இதிலும் பொய் இல்லை என்றுதான் என் வக்கீல் நண்பர் சொல்லுவார்.

பொய்யே சொன்னவர்களும் உண்டு. 2016-ல் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி, லட்சக் கணக்கான சிறு கார்களின் எரிபொருள் கணக்கைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. அவற்றில் பல, நிஸ்ஸான் கம்பெனிக்காகச் செய்து கொடுத்தவை. ஹூண்டாயும் கியாவும் 2012-ல் தங்கள் எண்கள் அதிகப்படியானவை என்று சொல்லிக் குறைத்துக்கொண்டன. நடைமுறையில் நேர்ந்த பிழை என்றன. 2014-ல் பத்துக் கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. வோக்ஸ்வாகன் 2015-ல் மாட்டிக்கொண்டது பெட்ரோல் கணக்கில் அல்ல, டீசல் புகையில். பரீட்சை நடக்கிறதென்று காரே உணர்ந்து ஒழுங்காக நடந்துகொள்ளும்படி செய்திருந்தார்கள். பிடிபட்டவர்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. பிடிபடவே முடியாதவர்களைப் பற்றித்தான் எழுத்தாளன் கவலைப்படவேண்டியிருக்கிறது.

அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர் வாங்குகிறவர்.

2008-ல் இங்கிலாந்தின் 'டாப் கியர்' தொலைக்காட்சியில் ஜெரமி கிளார்க்ஸன் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். சிக்கனத்துக்குப் பேர்போன டொயோட்டா பிரியஸ் காரை அவர்களுடைய ஓட்டப் பாதையில் முடிந்த மட்டும் விரட்டிப் பத்துச் சுற்று ஓட்டினார்கள். எட்டு சிலிண்டர் உள்ள பி.எம்.டபிள்யூ. எம்-3 கார் அதன் பின்னாலேயே நிதானமாகத் தொடர்ந்தது. கணக்குப் பார்த்தபோது பிரியஸ் காலனுக்கு 17.2 மைல், எம்-3 காலனுக்கு 19.4 மைல். அவர்கள் காலன் பெரியது; லிட்டருக்கு ஆறு கிலோமீட்டரும் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இது அமிர்தமாக இருந்திருக்கும். ஓட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது, காரில் ஒன்றும் இல்லை என்று வாதாட ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டதல்லவா?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பிற்காலத்துக் கார்வெட் ஒன்று ஆறாவது கியரில் மணிக்கு 65 மைல் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று அளவிலேயே சோம்பலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் அது குடிப்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்பட்டதுண்டு. ஆனால் எம்-3 அன்று வென்றது எப்படி? எம்-3 போல ஓடாததனால். நானூறு குதிரை சக்தியில் பெரும் பகுதியை உறங்க வைத்துவிட்டு, இன்னொரு காரின் வாலைப் பிடித்துக்கொண்டு போனதனால். அப்படி ஓட்டுவதற்காக எவன் அதை வாங்குகிறான்? வாங்கிய பிறகு எத்தனை நாள் அப்படி ஓட்டுகிறான்?

சக்தி இருந்தும் அதைப் பிரயோகிக்காமல் இருப்பதைத்தான் நாம் அடக்கம் என்கிறோம். இல்லாதவனுடைய அடக்கத்துக்கு மதிப்புக் குறைவு என்பது நம் நாட்டுக் கருத்தும்தான். அந்த விதத்தில் பார்த்தால் வேகமான காரை நிதானமாக ஓட்டுகிறவன் உயர்ந்தவனே, அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கண்ணாடியில் ஒட்டிய எண், அடக்கத்தை முன்பணமாகக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. நீ அடக்கமாக ஓட்டுவாய் என்று வைத்துக்கொண்டு அது எழுதப்படுகிறது. அதை நம்பித்தான் வரி விடப்படுகிறது. மனைவியிடம், "இதுவும் நம் பழைய கார் குடிக்கிற பெட்ரோலைத்தான் குடிக்கும்" என்று சொல்லி அவன் சம்மதம் வாங்குகிறான். அது கார் கொடுக்கும் வாக்குறுதி என்று அவன் நினைக்கிறான். அவன் கொடுத்த வாக்குறுதி அது. கையெழுத்து அவனுடையது.

அந்தப் பிளக்கைச் செருகியவனைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் சந்தோஷப்படுவதைப் பாவம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. சங்கீதக் கச்சேரிக்கும் மின்சாரம் செலவாகிறது. தேரோட்டத்துக்கும் எண்ணெய் எரிகிறது. மனிதன் சந்தோஷத்துக்காகச் செலவழிக்கிற பிராணிதான். "இந்தக் கார் எனக்கு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, தெரிந்துதான் வாங்கினேன்" என்று ஒருவன் சொன்னால் அவன் கையைக் குலுக்குவேன். பிளக்கைச் செருகியவனும் ஒரு விதத்தில் நேர்மையானவன்தான்: தனக்கு வேண்டியது நாலாவது கியர் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிளக்கைச் செருகிய அன்றைக்கே, அந்தப் பூட்டு இருக்கிறது என்பதற்காக விடப்பட்ட வரியையும் கொண்டுபோய்க் கட்டியிருந்தானானால், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்திராது. அவன் கட்டவில்லை. சிக்கனக்காரனுக்குக் கிடைக்கும் சலுகையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செலவாளியின் சுகத்தையும் அனுபவித்தான். புகை மட்டும் எல்லாருக்கும் பொதுவாகப் போயிற்று. சாட்சி சொல்ல வராத அந்தப் பெட்ரோலுக்காக யாராவது பேசவேண்டுமே என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

இது பழைய கதை, கைக் கியர் போனதோடு பூட்டும் போயிற்று என்று நினைக்கவேண்டாம். மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் கார்கள் இப்போது இருக்கின்றன. வீட்டில் செருகிச் சார்ஜ் செய்துகொள்ளலாம். தீர்ந்துபோனால் பெட்ரோலில் ஓடும். கனமும் வலிமையும் மிகுந்த உல்லாச வண்டிகள் பல இந்த வகையில் வருகின்றன. தினமும் சார்ஜ் செய்து ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கையின்மேல் அவற்றின் எண் எழுதப்பட்டது; பல நாடுகளில் அந்த எண்ணுக்காக வரிச்சலுகையும் கொடுத்தார்கள். 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில், உண்மையில் எரிந்த பெட்ரோலை அளந்து உள்ளேயே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அந்தக் குறிப்புகளைத் திரட்டி ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் பரீட்சைக் கணக்கைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாகப் புகை விட்டிருந்தன. செருகிச் சார்ஜ் செய்யும் கார்களோ மூன்றரை மடங்கு. சார்ஜ் செய்யும் கம்பியைப் பலர் எதிர்பார்த்த அளவுக்குத் தொடவே இல்லை.

வாழ்நாள் கணக்கை வைத்திருக்கும் அந்தக் குறிப்பை ஓட்டுகிறவர் அழிக்க முடியாது. அவர் கண்ணுக்கு எதிரே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிர்கிற சராசரி எண் வேறு. அதைச் சைபராக்கிப் புதிதாகத் தொடங்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் பிறகு, திங்கட்கிழமை காலையில் கிளம்புமுன் பலர் அதை ஒரு தடவை அழுத்திக்கொள்கிறார்கள்.